ஏலக்காய்த் தேநீர்

என் கணவர் பல் தீட்டும்போது ஈறுகளில் இரத்தம் கசியும். வாயும் நாறும். சொன்னால் மனம் நோகுமென்று இரண்டு வருடமாக அவருடைய தேநீரில் ஏலக்காய் தட்டிப் போட்டேன். படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முன்பற்கள் ஆடத் தொடங்கிய பிறகுதான் வெள்ளவத்தையில் பல் வைத்தியரிடம் போனோம்.

"பல்லைப் பிடிச்சிருக்கிற முரசு பழுதாகி எலும்பும் கரைஞ்சிட்டுது. வாய் நாறத் தொடங்கின நேரமே வந்து கிளீன் பண்ணியிருந்தா பல்லைக் காப்பாத்தியிருக்கலாம். வீட்டில ஒருத்தரும் சொல்லேல்லையா?"

"இல்லை டொக்டர்," என்றார் அவர். நான் கைப்பையைத் திறந்து மூடினேன்.

திரும்பும்போது ஓட்டோவில் ஓரமாக ஒதுங்கி, முகத்தை வெளியே திருப்பியபடி சொன்னார்: "உமக்குத்தான் இவ்வளவு நாளும் கஷ்டமா இருந்திருக்கும்."

இப்போது பல் பிடுங்கிய ஈறு ஆறிவிட்டது, கட்டுப்பல்லும் பொருந்திவிட்டது. எல்லோரோடும் சிரித்துக் கதைக்கிறார். என்னோடு கதைக்கும்போது மட்டும் கையால் வாயை மறைத்துக்கொள்கிறார்.