மெத்வல்லியின் காரில் ஒரு டொக்

மெத்வல்லி இருபத்தாறு ஆண்டுகளாக ஷுப்ராவில் டாக்சி ஓட்டுகிறார். இதில் சொந்த வீட்டில் கழித்தது எவ்வளவு, ஹெந்தாவியின் பட்டறையில் கழித்தது எவ்வளவு என்று அவர் மனைவியாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. ஹெந்தாவி எங்கள் பேட்டையின் அஃப்ஷகி. அதாவது, காரின் கால்களுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பவர். இஞ்சின் நின்று போய் அவர் கண் முன்னே கிடந்தாலும் தொடமாட்டார். "அது வேற ஆளு வேலை, பாஷா" என்று, எல்லோரையும் அழைப்பது போலவே அழைத்துவிட்டு, டீயை உறிஞ்சுவார்.

அவருக்கு வேலை குறைவதே இல்லை. எங்கள் தெருக்களில் வேகத்தடை போட அரசாங்கம் வரவேண்டிய அவசியம் கிடையாது. எவனாவது நம் வாசலில் வேகமாகப் போனால் போதும், மறுநாள் ஒரு மூட்டை சிமெண்டில் நாமே ஒன்றைக் கட்டிவிடுவோம். மெத்வல்லி வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போவதற்குள் இப்படிப் பதினான்கு. எல்லாவற்றிலும் உயரமானது இன்ஷிராஹ் அப்லாவின், அதாவது இன்ஷிராஹ் டீச்சரின், வாசலில் இருக்கிறது. தலைமையாசிரியையாக இருந்த காலத்தில் அவரே வெயிலில் நின்று, "இன்னும் ரெண்டு கரண்டி போடு" என்று கட்ட வைத்தது.

கார் விஷயத்தில் மெத்வல்லிக்கு ஒரு கொள்கை உண்டு. சத்தம் வருகிற பக்கத்தை மட்டும் மாற்றுவார். வலப்பக்கம் டொக் என்றால் வலப்பக்கச் சக்கரத்தின் மூட்டு, அந்த பால் ஜாயிண்ட், மட்டும்.

"ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்தணும்யா. ஒரு கால்ல புதுச் செருப்பு, ஒரு கால்ல பழைய செருப்பு போட்டுட்டு எவனாவது நடப்பானா?" என்பார் ஹெந்தாவி.

மெத்வல்லி தன் காலைக் காட்டுவார். அதில் செருப்புகள் உண்மையிலேயே இரண்டு விதமாக இருக்கும்.

ஆகவே சத்தம் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகும். அங்கே புதியது போட்டால், அதற்குள் தேய்ந்துவிட்ட வலப்பக்கத்துக்கே திரும்பும். மற்றபடி, ஊர் வழக்கத்தை மெத்வல்லி மீறியதில்லை. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் நாங்கள் யாரும் பட்டறையை விட்டு நகரமாட்டோம். இல்லாவிட்டால் மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லிவிடுவார்களே. மெத்வல்லியும் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொள்வார்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் இன்ஷிராஹ் அப்லாவின் சிறுநீரகங்கள் ஓய்வு பெற்றுவிட்டன. சனி, திங்கள், புதன் மூன்று நாளும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ரத்தம் சுத்திகரித்து முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவது மெத்வல்லிதான். செல்போனில் கூப்பிட்டால் குளிர்சாதனக் கார் வருகிற காலத்தில், பழைய டாக்சிக்கு யாரும் கை காட்டுவதில்லை. மெத்வல்லி வீட்டு அடுப்பு எரிவது அந்த மூன்று நாளால்தான்.

போன புதன்கிழமை வழியெல்லாம் டொக், டொக். அப்லா கண்ணை மூடியபடியே கேட்டார்:

"மெத்வல்லி, இது காரா, செம்புப் பாத்திரம் தட்டுற கடையா?"

"சின்னச் சத்தம்தான், அப்லா."

"உனக்குச் சின்னச் சத்தம். அந்த மெஷின்ல நாலு மணி நேரம் கிடந்துட்டு வர்றேன், ஒடம்புல ஒண்ணுமே மிச்சமில்ல. ஒவ்வொரு டொக்கும் நேரா தலைக்குள்ள போகுது. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பவும் சத்தம் வந்துச்சுன்னா, என் தங்கச்சி மகன் புது வண்டிக்காரன் ஒருத்தனைப் பேசி வெச்சிருக்கான்."

தலைமையாசிரியை கொடுத்த கெடு. முறையிட மேலிடம் இல்லை.

வியாழக்கிழமை மெத்வல்லி தன் கொள்கையைத் துறந்தார். ஹெந்தாவி காரின் மூக்கை அமுக்கிவிட்டார். அது மூன்று முறை தலையாட்டிவிட்டு நின்றது. "ஒரு தடவையோட நிக்கணும். ஷாக் அப்சார்பர் செத்து நாளாச்சு" என்றார். ஜாக்கியில் ஏற்றிக் கடப்பாரையால் நெம்பினார். பால் ஜாயிண்ட் கிழவன் பல்லைப் போல ஆடியது. மூட்டுகளுக்கு இடையிலுள்ள புஷ் ரப்பரோ காய்ந்த ரொட்டியாக உதிர்ந்தது. எல்லாவற்றையும் இரண்டு பக்கமும், முன்னும் பின்னும் மாற்றினார்கள். மெத்வல்லி வீட்டுக்கு வரவேண்டிய வாஷிங் மெஷின் அடுத்த வருடத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இருவரும் அப்லா வீட்டு வேகத்தடையில் சோதனைக்குப் போனார்கள். முன்சக்கரம் பஞ்சில் இறங்குவது போல இறங்கியது. பின்சக்கரம் இறங்கியதும், டொக்!

மெத்வல்லி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டார். "முடிஞ்சுது, உஸ்தா" என்று மேஸ்திரியிடம் முனகினார். "நாளைலேருந்து நான் காப்பிக் கடையில உக்கார வேண்டியதுதான்."

ஆனால் இது இப்போது ஹெந்தாவியின் மானப் பிரச்சினை. "டிக்கியத் திற. நான் உள்ள படுத்துக் கேக்கிறேன். நீ ஓட்டு."

"உள்ள எடம் இல்ல, உஸ்தா."

"ஏன் இல்ல?"

மெத்வல்லி திறந்தார். உள்ளே கிழிந்த சாக்கிலிருந்து சரிந்து கிடந்தன பழைய ஷாக் அப்சார்பர்கள், பால் ஜாயிண்ட்கள், கம்பிகள், நேற்றுக் கழற்றியவை உட்பட. ஹெந்தாவி ஒன்றை எடுத்துத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உன் ரெண்டாவது பையன் பொறந்த வருஷம் நான் கழட்டினதுல்ல?"

"ஆமா. ஒண்ணுகூடத் தொலையல."

"எதுக்குய்யா இதெல்லாம்?"

"நீ மாத்தினதுக்கு அத்தாட்சி."

ஹெந்தாவி வேகத்தடை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "பின் ஸ்ப்ரிங் ஏன் இப்படி உக்காந்து உக்காந்து போகுதுன்னு இத்தனை வருஷமா மண்டைய ஒடச்சுக்கிறேன். செத்துப்போன காலையெல்லாம் அது முதுகுலயே ஏத்தி அனுப்பியிருக்கேன்! டொக்குனதும் இதுதான். தூக்கிப் போடுய்யா அந்தக் கருமத்த."

"போட மாட்டேன். கட்டிலுக்கு அடியில வெக்கிறேன்."

அதற்கு மெத்வல்லியின் மனைவி சொன்னதை எழுத்தில் கொண்டுவர இயலாது.

சனிக்கிழமை திரும்பும்போது அப்லா பின்சீட்டில் ஏறி, கையை மடியில் வைத்து, முகத்தைச் சுளித்துத் தயாராக உட்கார்ந்தார். முதல் வேகத்தடை போனது. சத்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது. "ம்" என்றார். ஐந்தாவதில் முகம் தளர்ந்தது. ஒன்பதாவதில் கண்ணாடியில் பார்த்தார் மெத்வல்லி. அப்லா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை மாதங்களில் முதல் முறை.

பதின்மூன்று வரை எழவில்லை. பதினான்காவது, அப்லாவே நின்று கட்டுவித்தது. எந்த ஷாக் அப்சார்பராலும் அதை மறைக்க முடியாது, மெத்வல்லிக்குத் தெரியும். அப்லா தானாக எழட்டும் என்று, அதற்கு ஒரு முழம் முன்னாலேயே காரை நிறுத்தினார்.

பின்னால் ஒரு டுக்டுக் ஆட்டோ, அதன் பின்னால் கேஸ் சிலிண்டர் வண்டி, அதன் பின்னால் தெருவே நின்றது. ஹாரன் அலறியது. அப்லாவுக்கு அது பாதகமில்லை. ஷுப்ராவில் பிறந்தவர்கள் ஹாரனில் எழுவதில்லை.

மெத்வல்லி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஐந்து விரல்நுனிகளையும் ஒன்றாகக் குவித்து ஆட்டினார். பொறு என்று அர்த்தம். கை வலித்ததும் மறு கையை ஜன்னல்வரை திருப்பப் பார்த்தார், எட்டவில்லை. மறுபடி அதே கையையே நீட்டினார்.