கூசிய பல்

டாக்டரம்மா அந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் அவருடைய பல் கிளினிக். என் மகளின் கீழ்த்தாடைக்குள், கடைவாய்க்கு முன்னால், ஒரு பல் பாதி வேரோடு வளர்ந்துகொண்டிருந்தது. வேரின் நுனி இன்னும் மூடவில்லை. அதை எடுத்து முன்பல் போன இடத்தில் நடலாம், அங்கேயும் அது வளரும் என்றார்.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. கிள்ளானில் பள்ளி பஸ் படியில் தடுக்கி விழுந்து மேல்வரிசை முன்பல் ஒன்றைச் சாக்கடையில் தொலைத்திருந்தாள். எனக்கோ கணக்கு ஒத்துவரவில்லை. போனது ஒன்று. நல்ல பல்லையும் பிடுங்கி, நட்டது பிடிக்காவிட்டால் போனது இரண்டு. கேட்டேன்.

"கீழ்வரிசையில இடம் காணாது, ஐயா. அதில ஒண்டு எப்பிடியும் எடுக்கத்தான் வேணும். யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார், யாழ்ப்பாணத்துக் குடும்பப் பேச்சு மாறாமல். யோசித்துத்தான் சம்மதித்தேன். அதன் பிறகு நிம்மதி போயிற்று.

பல்லை இடம் மாற்றி நட்டு, பிறகு தையலும் பிரித்தார்கள், பல் ஆடாமல் நின்றது. ஆனால் உள்ளே உயிர் பிடித்ததா என்று தெரிய மாதங்கள் ஆகும், பிடிக்காவிட்டால் கறுத்துப்போகலாம் என்று சொல்லியிருந்தார். நான் முறுக்கைத் தடுத்தேன், கொய்யாவைத் தடுத்தேன், ஐஸைத் தடுத்தேன். தினமும் காலையில் டார்ச் அடித்து வாயைப் பார்த்தேன்.

"பிள்ளைய விடுங்கங்க. எத்தன தடவதான் எண்ணுவீங்க? ராத்திரியில ஓடிப்போயிடுமா அது?" என்பாள் மனைவி.

ஒருநாள் பள்ளி விட்டதும் தோழியோடு திருட்டுத்தனமாக ஐஸ் கச்சாங் தின்றுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். "அப்பா, புதுப்பல்லு கூசுதுப்பா." எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாளே லீவு போட்டு அவளை பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா பஞ்சில் குளிர்மருந்தைத் தெளித்து அந்தப் பல்லில் வைத்தார்.

"ஐயோ ஆன்டி!"

மறுபடி வைத்தார். மறுபடி கத்தினாள். எப்போதும் களைத்தே இருக்கும் அந்த முகம் அன்று சிரித்தது. "இவ்வளவு நாளா குளிர் வைச்சாலும் பிள்ளைக்கு ஒண்டும் தெரியேல்ல. இப்ப நரம்பு வந்திட்டுது. இதுக்கும் கவலைப்படுறியளே, ஐயா!"

"அப்போ ஐஸ் கச்சாங் சாப்பிடலாமா ஆன்டி?"

"சாப்பிடு. அப்பாவுக்கும் ஒண்டு வாங்கிக் குடு."

டாக்டரம்மா இப்போது இல்லை. மாடியில் வேறு ஏதோ கடை. என் வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட மிச்சமில்லை. ஐஸ் தண்ணீரும் வெந்நீரும் பொய்ப்பல்லுக்கு ஒன்றுதான். காஜாங்கில் மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், அவள் குளிர்ந்த தண்ணீரை எடுக்கும்போதெல்லாம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கும் தெரியும்.

"கூசுதுப்பா, கூசுது. பேசாம சாப்பிடுங்க" என்பாள்.

அதன் பிறகுதான் நான் சோற்றில் கை வைப்பேன்.