கனிஷாயின் எடை

உஸ்கென் ஊர்ச் சந்தையில் கனிஷாயைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினைந்து வயதில் கச்சை மல்யுத்தத்தில் மாவட்டத்துப் பெண்பிள்ளைகளை எல்லாம் கீழே தள்ளியவள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எதிராளியின் கச்சையைப் பிடித்துச் சாய்ந்தாள் என்றால், மீதியை அவள் பாரமே பார்த்துக்கொள்ளும். பயிற்சியாளர் குபாத் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். எடை குறைந்துவிடக்கூடாது என்று பயிற்சி முடிந்ததும் இனிப்புச் சோடாவும் ரொட்டியும் அவரே வாங்கிக் கொடுப்பார்.

அம்மா மாஸ்கோவில் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். கனிஷாயை வளர்த்தது சித்தி அனார். என் ரொட்டிக் கடைக்கு அடுத்ததுதான் அனாரின் சம்சா அடுப்பு. மாவுக்குள் ஆட்டிறைச்சியும் வால்கொழுப்பும் வைத்து அடுப்புச் சுவரில் ஒட்டிய சம்சா வெந்து வரும்போது, முதல் தட்டு கனிஷாய்க்குத்தான். சாயங்காலம் போனில் அம்மாவின் முகம் வரும். இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்பாள். மகளின் கன்னம் உப்பியிருந்தால் அவள் முகம் மலரும். அந்தக் கன்னம்தான் அனார் தன் அக்காவிடம் சம்பாதித்த நல்ல பெயர்.

பெண்ணின் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை படிந்திருந்தது. அழுக்கு என்று நினைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் குளியலறையில் முரட்டுத் துணியால் அனார் தேய்ப்பாள். தோல் சிவந்து எரியும். கனிஷாய் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஓஷ் நகரப் போட்டிக்கு முன்னால் வீராங்கனைகளுக்கு உடல் பரிசோதனை வைத்தார்கள். டாக்டர் நஸிராவின் கண் முதலில் போனதே அந்தக் கழுத்துக்குத்தான். இடுப்பைச் சுற்றி அளந்தாள், ரத்தம் எடுத்தாள், வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து உருட்டினாள். திரையில் கல்லீரல் பளிச்சென்று வெளுத்துத் தெரிந்தது. கொழுப்பு படிந்திருக்கிறது என்றாள். கழுத்தில் இருப்பதும் அழுக்கு இல்லை, அதுவும் இதற்கு உடம்பு காட்டும் அடையாளம்தான் என்றாள்.

கூடப் போயிருந்த அனாருக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுல சாராயத்தைக் கண்ணால பார்த்தவங்க கிடையாது, டாக்டர்."

"குடிக்காதவங்களுக்கும் வரும். இப்ப பிள்ளைங்களுக்கே நிறைய வருது. வலிக்காது, அதான் தெரியமாட்டேங்குது. இப்ப பார்த்துக்கிட்டா சரியாகும். விட்டா உள்ளுக்குள்ள தழும்பு கட்டிரும்."

சோடாவை அடியோடு நிறுத்தணும், கொழுப்பையும் சோற்றையும் குறைக்கணும், எடை மெதுவாக இறங்கணும், பட்டினி மட்டும் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். போட்டி முடியட்டும், அதுவரை கல்லீரல் எங்கேயும் ஓடிப்போகாது என்றார் குபாத்.

அன்றிலிருந்து அந்தப் பெண் ஓர் இடத்தில் இருக்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிப் பார்ப்பாள். வலிக்காது. வலிக்கவில்லையே என்று அதற்கும் பயப்படுவாள். கடைவரிசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். தேநீர் குடித்துவிட்டுப் போ என்று கூப்பிட்டு உட்கார வைத்தால், பாதிக் கிண்ணத்தில் எழுந்துவிடுவாள். பிறகு சாப்பாட்டையே நிறுத்திவிட்டாள். சித்தி கொடுத்த சம்சா எல்லாம் ஆற்றங்கரை நாய்களுக்குப் போனது. ஒரு நாள் பயிற்சியில் கச்சையைக் கட்டிக்கொண்டே மயங்கி விழுந்தாள். குபாத்தான் வியர்க்க விறுவிறுக்கத் தூக்கிக்கொண்டு நஸிராவிடம் ஓடினார். இப்படிப் பட்டினி கிடந்தால் கல்லீரல் இன்னும் கெடும் என்று டாக்டர் கடுமையாகத் திட்டினாள்.

படுக்கையில் இருந்தபடியே கனிஷாய் பயிற்சியாளரிடம் சொன்னாள்: "நான் இனிமே கனமான பிரிவுல ஆடல, அகாய்."

"உன்னை விட்டா அங்க எனக்கு ஆளே இல்ல, மகளே."

"தெரியும், அகாய்."

அவர் வெளியே போனார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவளோடு பேசவில்லை.

அம்மாவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. நான் உன்னைப் பட்டினி போட்டேன் என்று அக்கா நினைப்பாள், சொல்லாதே என்று அனார் கெஞ்சினாள். டாக்டர் சொன்னபடி அளவாகச் சாப்பிட, குளிர்காலத்தில் கன்னம் வற்றத் தொடங்கியது. போன் வந்தால் பயிற்சி இருக்கிறது என்று கனிஷாய் நழுவுவாள். அம்மாவுக்குச் சந்தேகம் தட்டி, அழுதுகொண்டே திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கடைசியில் கனிஷாய் என் கடை முன்னாலேயே நின்று போனை முகத்துக்கு நேரே பிடித்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அம்மா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"உன் கன்னத்தைப் பார்த்துட்டுத்தான்டி நான் இங்க தூங்குறேன்."

"இனிமே என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துட்டுத் தூங்கும்மா."

அம்மா சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அனாரிடம் கொடு என்றாள். அக்காளும் தங்கையும் என்ன பேசினார்களோ, அனார் கண் சிவந்து திரும்பி வந்தாள். மறுநாள் அவள் அடுப்பில் பூசணிக்காய் வைத்த சிறிய சம்சாக்களும் ஒட்டியிருந்தன. வாங்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். அவள் பாட்டுக்கு அடுத்ததை ஒட்டினாள்.

அடுத்த கோடையில் எடுத்த ஸ்கேனில் வெளுப்பு மங்கியிருந்தது, முழுதாகப் போகவில்லை. ரத்தத்தில் அளவுகள் இறங்கியிருந்தன. கழுத்தின் கறுப்பும் லேசாக வெளிறியது. போட்டிதான் சரிப்படவில்லை. குறைந்த எடைப் பிரிவுப் பெண்கள் மீன் மாதிரி நழுவினார்கள். ஓஷில் முதல் ஆட்டத்திலேயே மல்லாந்து விழுந்தாள். திரும்பி வரும் வேனில் குபாத் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து, இடுப்பைத் திருப்பத் தெரியாமல் இத்தனை நாள் எப்படி ஜெயித்தாய் என்று கேட்டாராம். பாரத்தால் என்றாளாம் இவள்.

இப்போது அவளுக்குப் பதினெட்டு. மல்யுத்தத்தை விடவில்லை. சில ஆட்டம் ஜெயிக்கிறாள், பல ஆட்டம் தோற்கிறாள். பரிசோதனை நாள் நெருங்கினால் பழையபடி கால் ஓர் இடத்தில் நிற்காது. போதாததற்கு அனாரையும் ஸ்கேனுக்கு வரச்சொல்லி நச்சரிக்கிறாள். அனாரின் கழுத்திலும் அந்தக் கறுப்பு இருக்கிறதே. போன வாரம் கனிஷாயே நாள் குறித்துவிட்டு வந்து அவளைக் கூப்பிட்டாள். அடுப்பு சூடாயிருக்கு, அப்புறம் பார்க்கலாம் என்று அனார் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கனிஷாய் அங்கிருந்து போகவில்லை. அவள் எழுந்து வரட்டும் என்று கடை வாசலில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தாள்.