ஜவ்வாது மலையில் சாவி மாற்றி ஓடிய சின்ன வண்டிகள்

தை மாதக் கடைசியில் ஜவ்வாது மலைக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். போன வருடப் பதிவைப் படித்துவிட்டு, "எங்களிடமும் பழைய வண்டி ஒன்று இருக்கிறது, நாங்களும் வரலாமா" என்று கேட்டிருந்தவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி எழுத மனசே இல்லை. இந்த முறை படம் எதுவும் போடவில்லை, கேட்காதீர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் சேர்ந்து சில வருடங்களாக ஒரு கார் ஓட்டப் போட்டி நடத்திவந்தார்கள். தொலைக்காட்சியில் பார்க்கிற மாதிரி தகதகவென்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எண்ணூறு சிசி சின்னக் கார், அதுவும் யாரோ ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்டது. எஞ்சின் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, நல்ல பெல்ட், தலையில் ஹெல்மெட், இவ்வளவுதான் கூடுதல். வருடத்துக்கு நான்கு சுற்று. மூன்று சுற்று அடிவாரத்துத் தரிசு நிலங்களில். கடைசிச் சுற்று மலைமேல், காவலூரைத் தாண்டி, சாமை அறுத்த கொல்லையில்.

இந்தக் கிறுக்குத்தனத்தை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர் தயாளன், திருப்பத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் வாணியம்பாடி அன்வர் பாஷா அண்ணன். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் ஏதாவது ஒரு காருக்கு அடியில்தான் படுத்திருப்பார்கள். இரண்டு வீட்டிலும் அதற்கு வாங்கிய திட்டுக்குக் கணக்கே கிடையாது.

அன்று ஞாயிறு. காலை ஐந்தரைக்குத் திருப்பத்தூரிலிருந்து எங்கள் சிவப்பு வண்டியிலேயே கிளம்பினோம். ஆலங்காயம் வழியாகக் காவலூர் சுமார் நாற்பது கிலோமீட்டர். ஆலங்காயத்தில் டீ குடித்தோம். மலையேறுவதற்கு முன்னால் டீயோ, டிபனோ, பெட்ரோலோ இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் கிடைத்தது.

மலைப்பாதை தொடங்கியதுமே மூட்டம். தை மாதத்தில் பனி இருக்கும், வெயில் ஏறினால் கலைந்துவிடும். அன்று கலையவே இல்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எதிரே பஸ் வருகிறதா என்று ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். நடுவில் ஒரு இறக்கத்தில் இவர் கால் பிரேக்கை டக் டக் என்று இரண்டு தரம் மிதிப்பதைப் பார்த்தேன். அடுத்த இறக்கத்திலும் அதே டக் டக்.

"ஏங்க, பிரேக்கை எதுக்கு ரெண்டு ரெண்டு தடவ மிதிக்கிறீங்க?"

"ரெண்டு தடவயா? ஒரு தடவதான் மிதிச்சேன்."

"இல்லீங்க, ரெண்டு."

"இன்னாம்மா நீ, காலைலயே. கடலைய துன்னுகினு வா."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. நானும் கடலையைத் தின்றுகொண்டு வந்தேன்.

ஏழே முக்காலுக்குக் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். காவலூரிலிருந்து உள்ளே மண்பாதையில் கொஞ்ச தூரம். பதினோரு வண்டிகள் வந்திருந்தன. நிலம் கோவிந்தன் என்கிற மலைக்காரருடையது. சாமை அறுத்து, தாளெல்லாம் மாட்டுக்குப் போன பிறகு, அடுத்த உழவு வரைக்கும் நிலம் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில்தான் போட்டி. மேட்டில் ஏறி, ஒரு பெரிய வளைவு சுற்றி, பள்ளத்தில் இறங்கி, வரப்போரம் இருக்கிற புளியமரங்களுக்கு முன்னால் சட்டென்று திரும்ப வேண்டும். புளியமரங்களுக்கு முன்னால் மண் மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

கோவிந்தன் ஒவ்வொரு வருடமும் சொல்வதையே அன்றும் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். "ஓட்டுங்க, வேணான்னு சொல்லல. ஆனா ஒருத்தருக்கு அடி பட்டாக்கூட ஊருக்கு நான்தான் பதில் சொல்லணும். அதோட இந்த நெலத்துல வண்டி ஓடாது. அடிவாரத்துல ஓட்றவங்களுக்கும் எங்க ஆளுங்க சொல்லிட்டா அங்கயும் ஓடாது." அடிவார நிலங்களும் அவர் சொந்தக்காரர்கள் பேசிப் பிடித்துக் கொடுத்தவைதான். ஆகவே மொத்தப் போட்டியும் அந்த ஒரு பேச்சில்தான் நின்றுகொண்டிருந்தது. இவர் என்னைப் பார்த்து, பயப்படாதே என்கிற மாதிரி தலையாட்டினார்.

இந்தக் கடைசிச் சுற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாஷா அண்ணன் கொண்டுவந்தது. எல்லா வண்டிச் சாவியையும் ஒரு குண்டானில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எந்தச் சாவி வருகிறதோ அந்த வண்டியைத்தான் ஓட்ட வேண்டும். எவனாவது பணத்தைக் கொட்டி எஞ்சினில் திருட்டு வேலை பார்த்திருந்தால் அது அடுத்தவனுக்குத்தான் லாபம். ஆகவே யாரும் அந்த வேலை பார்ப்பதில்லை. பணம் இல்லாதவனும் ஜெயிக்கலாம். எனக்கு இந்தப் போட்டியில் பிடித்ததே அதுதான். சாவியைக் கொடுக்கும்போது சொந்தக்காரர் வண்டியின் குறைகளைச் சொல்லிவிட வேண்டும். ஓட்டம் முடிந்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓட்டியவர் ஒரு குறையாவது சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வருடாவருடம் அதில்தான் சிரிப்பு. "உன் சீட்டுல ஸ்பிரிங் குத்துது", "உன் வண்டில கருவாட்டு நாத்தம்" என்று ஆளாளுக்கு வாருவார்கள்.

குலுக்கலுக்கு முன்னால் பிரேக் சோதனை. சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும். அவரவர் வண்டியை அவரவர் வேகமாக ஓட்டிவந்து கோட்டுக்குள் நிறுத்திக் காட்ட வேண்டும். இவர் ஓட்டிவந்து கோட்டுமேல் நூல் பிடித்த மாதிரி நிறுத்தினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

குண்டானுக்குள் கைவிட்ட பாஷா அண்ணனுக்கு எங்கள் சாவி வந்தது. ஆள் குதித்தார்.

"தயா, உன் வண்டிப்பா! உன்ன உன் வண்டியிலயே தோக்கடிக்கறேன் பாரு. கொற இன்னா, சொல்லு."

"செகண்ட் கியர் கொஞ்சம் டைட்டு பாய். உன் பக்கத்துக் கண்ணாடி எறங்காது. வேற ஒண்ணும் இல்ல."

இவருக்கு வந்தது பாஷா அண்ணனின் வெள்ளை வண்டி. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். "என் வண்டிக்கு பிரேக் ரொம்ப ரோசம்" என்றார் அண்ணன். "லேசா தொட்டாலே நின்னுடும், ஜாக்கிரதை. தங்கச்சி, நீ இன்னிக்கு யாருக்குக் கைதட்டுவ?" நான், எங்கள் வண்டிக்குத்தான் என்றேன். அப்படியானால் எனக்குத்தான் என்று சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

அடுத்தவர் வண்டியில் ஓட்டிப் பார்க்க ஒரு சுற்றுகூடத் தருவதில்லை. தந்தால் சுவாரசியம் போய்விடும் என்று வைத்த விதி. நேராக ஓட்டம்தான். தூறல் ஆரம்பித்திருந்தது. கொடி இறங்கியதும் பதினோரு வண்டியும் சேறு வாரி இறைத்துக்கொண்டு மேட்டில் ஏறின. மேட்டில் பிரேக்குக்கு வேலை இல்லை. பெரிய வளைவிலும் ஆக்சிலேட்டரை விட்டாலே போதும். சிவப்பு வண்டிதான் முதலில் வந்தது. நான் கைதட்டிக்கொண்டு நின்றேன். பள்ளத்தில் இறங்கும்போது எல்லாரும் வேகம் குறைக்கிற இடத்தில் அது குறையவில்லை. திருப்பப் பார்த்தது தெரிந்தது. மண் மூட்டைகளை இடித்து ஏறிப் புளியமரத்தில் மோதி நின்றது.

அண்ணன் நினைவோடுதான் இருந்தார். வலது கால் பெடலுக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே எடுக்கிற வரைக்கும் அவர் கத்திய கத்தலை நான் எழுதப்போவதில்லை. அந்த இடத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. ஒருவர் பைக்கில் காவலூருக்கு ஓடி ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, அது வந்து சேர்வதற்குள் தூறல் மழையாகிவிட்டது. கோவிந்தனின் மனைவி வீட்டிலிருந்து கம்பளி கொண்டுவந்து அண்ணன்மேல் போர்த்தினார். சாவி குலுக்கிய குண்டான் கோவிந்தன் வீட்டுடையது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆம்புலன்ஸுக்குப் பின்னால் பாஷா அண்ணனின் வெள்ளை வண்டியில் நாங்கள் மலையிறங்கினோம். முதல் வளைவில் வண்டி ஒரு குலுக்கு குலுக்கி முன்னால் சாய்ந்தது, மறுபடியும் ஒரு குலுக்கு. எனக்கு டேஷ்போர்டில் கை இடித்தது. அடுத்த வளைவிலும் அப்படியே, இரண்டு குலுக்கு. தொட்டாலே நிற்கிற வண்டியை இவர் கால் இரண்டு தரம் மிதித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வளைவில் ஓரமாக நிறுத்தினார். குனிந்து தன் காலையே பார்த்தார்.

"காலைல சொன்னியே," என்றார். "ரெண்டு தடவன்னு."

ஆம்புலன்ஸ் சத்தம் கீழே கேட்காமல் போனது.

பிறகு மெக்கானிக் பார்த்துச் சொன்னது இதுதான். பின்சக்கர பிரேக் தேய்ந்து, பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கிறது. முதல் மிதியில் பெடல் கீழே போகும், இரண்டாவது மிதியில் கெட்டியாகப் பிடிக்கும். அது தளரத் தளர இவர் கால் தானாகவே பழகிக்கொண்டுவிட்டது. சோதனைக் கோட்டில் நிறுத்தியதும் அந்தக் கால்தான். ஏமாற்றவில்லை, மறைக்கவும் இல்லை. தினமும் ஓட்டுகிற வண்டி என்பதால்தான் தெரியவில்லை. இதை நான் எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியும் என் மனசுக்கே ஆறுதலாக இல்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. காவலூருக்கு மேலே அந்தப் போட்டி இனிமேல் கிடையாது. அடிவாரத்திலும் கிடையாது. கோவிந்தன் சொன்னபடியே செய்தார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மலையைப் பார்க்க மட்டும் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். திருப்பத்தூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் ஆலங்காயம் வழியாகப் பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது. திரும்பி வரும் பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தை மாதம் போனால் கம்பளி வேண்டும். வேறு ஊரில் இந்த மாதிரிச் சின்ன வண்டிப் போட்டி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிரேக் சோதனையைச் சொந்தக்காரர் காலில் செய்யாதீர்கள், அந்த வண்டியில் ஒருநாளும் ஏறாத ஒருவரை விட்டு மிதிக்கச் சொல்லுங்கள். போட்டிக்கு முன்னால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கட்டும். பக்கத்து சீட்டில் தினமும் உட்காருகிறவர் ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு வாணியம்பாடிக்குப் போயிருந்தோம், பஸ்ஸில். பாஷா அண்ணனின் வலது காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். மெஷின் பெடலை மிதிக்கிற கால் அது. கம்பெனியில் வேறு வேலை தரும்படி கேட்டிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை. அண்ணி டீ கொடுத்தார், எங்களோடு பேசவில்லை. வெள்ளை வண்டியை விபத்தன்றே அண்ணன் வீட்டில் விட்டிருந்தோம், சாவி மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது. இவர் அதை எடுத்து நீட்டினார். வழக்கப்படி ஒரு குறை சொல்லிக் கொடுக்க வேண்டும். அதைச் சொல்லாமலே சாவியை அண்ணன் பக்கம் நகர்த்தினார். அண்ணன் சாவியை வாங்கித் தொடைமேல் வைத்துக்கொண்டார். தலையணைக்கடியிலிருந்து எங்கள் சாவியை எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது போல.

"நான் கொற சொல்லணும் இல்ல?" என்றார். கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வண்டி மேல கொற இல்ல தயா. உனக்கு நின்னுச்சி."

இவர் சாவியை வாங்கிக்கொண்டார். அண்ணி வந்து டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.