பலூன் வெடித்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்

ஒரு புகைப்படத்திலிருந்து பெற்ற தகப்பனைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மூன்றாம் பரிசு வாங்கியவன் நான். இதைச் சாதனை என்று வேறு இத்தனை வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் அப்பாவுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. நாங்கள் அங்கிருந்த ஐந்து வருடமும் அவருக்கு நைட் டூட்டி. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். அந்த ஊர் வெயில் திரைச்சீலையை மதிக்காது. அதனால் நைட் டூட்டிக்காரர்கள் எல்லாரையும் போல, அப்பாவும் படுக்கையறை ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டியிருந்தார். அப்பாவின் தூக்கத்தை அம்மா சன்னிதி மாதிரிக் காத்தாள். வீட்டில் யாரும் பேசுவதில்லை, கிசுகிசுப்பதுதான். குக்கருக்கு வெயிட் போடத் தடை. பருப்பு சட்டியிலேயே கிடந்து மெதுவாக வெந்தது. எனக்குத் தும்மல் வந்தால் மாடிப்படிக்கு ஓட வேண்டும்.

இந்த வீட்டில்தான் பலூன் வெடிப்பது என்று மாமாவும் நானும் முடிவு செய்தோம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அபுதாபி பக்கம் முசஃபாவில் ஒரு பட்டறையில் வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவர். மறுநாள் லீவில் ஊருக்குப் போவதால், சொல்லிக்கொள்ள அந்த வெள்ளிக்கிழமை வந்திருந்தார். கழுத்தில் ஊரில் காட்டுவதற்காக வாங்கிய புதுக் கேமரா, பையில் ஃபிளாஷ். நானோ, வெடித்துக்கொண்டிருக்கும் பலூனை அப்படியே படம் பிடித்து அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுவருவதாக வகுப்பு முழுக்கச் சவால் விட்டிருந்தேன். நடக்காவிட்டால் பள்ளியை விட்டுப் போகிறவரை என் பெயர் புளுகன்தான். மாமாவுக்கு நாலு மணிக்கு டாக்ஸி. அவரோடு கேமராவும் போய்விடும்.

"கேமரா மந்தம், மாப்ளே. ஃபிளாஷ்தான் வேகம்" என்றார் மாமா. "இருட்டு ரூம்ல ஷட்டரைத் தொறந்தே வச்சுட்டா, ஃபிளாஷ் மின்னுற நேரம் மட்டும்தான் ஃபிலிம்ல விழும். ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டு!"

அந்தக் கணத்தில் ஃபிளாஷை மின்னவைக்கக் கை போதாது. ஜன்னலுக்கு ஒட்டியதில் மிஞ்சிய அலுமினியத் தாளில் இரண்டு துண்டு வெட்டி, அட்டையில் மயிரிழை இடைவெளி விட்டு எதிரெதிராக ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர். வெடிச்சத்தம் ஒரு தாளைத் தள்ளும்; அது மற்றதைத் தொடும்; ஃபிளாஷ் மின்னும். மாடிப்படியில் பலமாகக் கைதட்டிப் பார்த்தோம். மின்னியது.

எல்லாம் தயார், இருட்டைத் தவிர. மணி பகல் இரண்டு. வீட்டிலிருந்த ஒரே இருட்டுக்குள் அப்பா படுத்திருந்தார்.

"அப்பா முழிச்சிட்டா?"

"அக்கா கீழ் வீட்டுக்குப் போயிருக்கா. ஒரே ஒரு பலூன். கல்லாஸ், அவ்ளோதான்."

சத்தமில்லாமல் நுழைந்தோம். ஸ்டூல் மேல் பால்பவுடர் டின், அதன் மேல் கேமரா. எதிரே அலமாரிக் கைப்பிடியில் செருகிய துடைப்பக்குச்சி நுனியில் சிவப்பு பலூன். அதற்குப் பின்னால் கட்டில். நான் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாமா கையில் அம்மாவின் ஊக்கு.

"ஒண்ணு... ரெண்டு..." என்று மெல்ல எண்ணினார். "மூணு!"

வெடித்தது. அறை ஒருமுறை வெள்ளையாகி மறுபடி கறுத்தது. நான் மூச்சை அடக்கி நின்றேன். கட்டிலிலிருந்து கணீரென்று ஒரு குறட்டை கிளம்பியது. அப்பா குறட்டை விட்டு அதற்கு முன் நான் கேட்டதேயில்லை.

"அத்தான் காதையும் சிமெண்ட் வச்சுப் பூசிட்டாங்க போல!" என்றார் மாமா.

அம்மா படியேறி ஓடிவந்தாள். "என்னல அது சத்தம்?"

"ரோட்டுல டயர் வெடிச்சிட்டுக்கா."

அம்மா கதவருகே நின்று குறட்டையைக் கேட்டு, நெஞ்சில் கைவைத்து நிம்மதியானாள்.

மாமா கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன ஃபிலிம் சுருளை அப்பாதான் ஸ்டூடியோவில் கொடுத்து வாங்கி வந்தார். கவரை என்னிடம் நீட்டியபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. படத்தில் பலூன் பாதி உரித்த ஆரஞ்சு மாதிரி அந்தரத்தில் நின்றது. பின்னால் பனியனோடு அப்பா, கண்களை இறுக்கி மூடி, இரண்டு காதிலும் விரலை அடைத்தபடி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பின்னாடி நீங்க விழுந்துட்டீங்கப்பா. படமே கெட்டுப்போச்சு."

"அதுக்கென்ன, அந்தப் பக்கத்தை வெட்டிரு" என்று அவரே கத்தரிக்கோலை எடுத்துக்கொடுத்தார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஏதோ விண்ணப்பத்துக்காக அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டுகளைப் புரட்டியபோது, ஒன்றின் உறைக்குள் அந்த வெட்டுத்துண்டு இருந்தது. ஃபிளாஷை மின்னவைத்ததே அந்தச் சத்தம்தான். அது கேட்டபிறகு அத்தனை சீக்கிரம் யாராலும் கையைக் காதுக்குக் கொண்டுபோக முடியாது. இந்த விஞ்ஞானத்தைக் கண்காட்சிக்கு வந்தவர்களிடமெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தவன் நான்தான். விரல்கள் முன்பே காதில் இருந்தன என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

"அப்பா, அன்னைக்கு நீங்க தூங்கலையா?"

"பகல்ல எவம்ல தூங்குனான்? ஒரு நாளும் வந்ததில்ல. சும்மா கண்ண மூடிக் கெடப்பேன். வெளிய நீயும் அம்மையும் குசுகுசுன்னு பேசுறது கேட்டுக்கிட்டே இருக்கும். நல்லாத்தான் இருந்துச்சு."

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா, கையைத் துடைத்துவிட்டு அந்தப் படத்துண்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பம், அஞ்சு வருசம் குக்கருக்கு வெயிட்டு போடாம நான் பருப்பு வேகவச்சது யாருக்கு?"