மணல் மூட்டை ஏற்றிய வண்டி

எந்த வண்டி நின்றாலும் அண்ணன் அதன் பின்பக்கத்தைக் கையால் ஒருமுறை அமுக்கிப் பார்ப்பார். எவ்வளவு இறங்குகிறது, எப்படி எழும்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். "ஊர்ல இருக்கிற வண்டியையெல்லாம் நலம் விசாரிக்கிறாரு, வீட்டுல இருக்கிறவளை ஒரு வார்த்தை கேக்கமாட்டாரு" என்பார் அண்ணி.

கார் கம்பெனியின் மாதிரி வண்டிப் பட்டறையில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் அவர் பொறுப்பு. நான் அங்கேயே சீட் உறை தைக்கிறேன்.

ஒரு கண்காட்சிக்காகப் புது மாதிரி பிக்கப் செய்யச் சொன்னார்கள். காரின் அடிச்சட்டத்தையே எடுத்துப் பின்னால் சரக்குத் தொட்டி வைக்க வேண்டும். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட். "முன்னாடி மாப்பிள்ளை, பின்னாடி மூட்டைதூக்கி" என்றார் பெயின்டர். கண்காட்சி நல்லபடியாக முடிந்தால் அண்ணனை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அதை நம்பி அண்ணி புது அலமாரிக்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார்.

கார் ஸ்பிரிங் சரக்கைத் தாங்காது என்று அண்ணன் வேன் ஸ்பிரிங்கைப் பூட்டினார். கேட்டுத்தான் பூட்டினார், மேனேஜரும் தலையாட்டினார். பட்டறையில் கடைசிவரை தாங்கிகள்மேலேயே இருந்த வண்டி, கண்காட்சி மேடையில் சக்கரம் ஊன்றியதும் மோப்பம் பிடிக்கும் நாய்போல மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. காலித் தொட்டியின் எடைக்கு அந்த வேன் ஸ்பிரிங் அமுங்கவில்லை.

மாற்ற நேரமில்லை. மேனேஜர் சொன்னபடி அண்ணன் தொட்டியில் மணல் மூட்டைகளை அடுக்கி, நான் தைத்த மூடியை இழுத்து மாட்டினார். வண்டி சமமாக நின்றது. வழக்கம்போல அமுக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் பார்த்ததில்லை.

பார்க்க வந்த முதலாளி மூடியைத் திறக்கச் சொன்னார். "என்ன, மணல் யாவாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மேனேஜர் அண்ணனைக் காட்டினார். "இவருதான் சார், யாரையும் கேக்காம வச்சிட்டாரு."

அண்ணன் மேனேஜரைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "நல்லா தாங்குது சார்" என்று மட்டும் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

மறுவாரம் வேலை போயிற்று. "உண்மையைச் சொல்றதுக்கென்ன, வாய்க்குள்ளயும் மணலா?" என்று அண்ணி கேட்டார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த பிக்கப் தயாரிப்புக்குப் போகவில்லை. பட்டறை மூலையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அண்ணன் பஸ் டிப்போவில் தினக்கூலிக்கு டயர் மாற்றுகிறார். நான் அதே இடத்தில் சீட் உறை தைக்கிறேன். எதிரே வந்தால் மேனேஜர், "அண்ணன் சௌக்கியமா?" என்று கேட்கிறார். சௌக்கியம் என்கிறேன்.