பூங்காவில் கொடுத்த காலிங்

வேதா பிறந்தது மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். கட்டிக்கொடுத்ததும் நாலு சந்து தள்ளி இன்னொரு குவார்ட்டர்ஸில். அப்பா எஞ்சின் டிரைவர், புருஷன் தேவராஜும் எஞ்சின் டிரைவர். வாயாடி என்று அவளுக்குக் காலனி முழுக்கப் பேர். தேவராஜும் லேசுப்பட்டவர் இல்லை. இருவரும் பேச உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிவது கூடத் தெரியாது.

அந்த வீட்டில்தான் ஐந்து வாரமாகப் பேச்சு இல்லை. பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அவர் ஓட்டிய வண்டிக்குக் குறுக்கே ஒரு பெண் வந்துவிட்டாள். விசாரணையில் அவர் மேல் குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஊர் உருதுவில் சரி என்றால் 'ஹவ்', வேண்டாம் என்றால் 'நக்கோ'. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது? மனுஷர் இப்படியே ஊமையாகிவிடுவாரோ என்று வேதா பயந்தாள்.

மனநல டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே, தினம் காலையில் ஒரு மணி நேரம் மரம் செடிக்கு நடுவில் அவரை உட்கார வைக்கச் சொன்னார். பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாதாம். வேதாவிடம் போய் இப்படி ஒரு நிபந்தனை!

முதல் நாள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடிக்கே கூட்டிப் போனாள். பத்து நிமிஷத்தில் ஹாரன் சத்தம். தேவராஜ் மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுங்கினார். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, ரயில் சத்தம் என்று ஒன்று இருப்பதே வேதாவுக்கு மறந்து போயிருந்தது. அன்று முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து பஸ் பிடித்து ஏ.எஸ்.ராவ் நகர். அங்கே தங்கை கல்பகம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா. ரயில் சத்தம் எட்டாது. எட்டு நாள் வேதா வாயைப் பொத்திக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது பட்டினி கிடப்பதை விடக் கஷ்டம். ஆனாலும் அவர் அண்ணாந்து அணில்களைப் பார்ப்பதை, மூச்சை ஆழமாக இழுத்து விடுவதை அவள் கவனிக்காமல் இல்லை.

ஒன்பதாம் நாள் தாங்க முடியவில்லை. எஞ்சினில் இருக்கும் இருவரில், சிக்னல் தெரிந்ததும் ஒருவர் கையை நீட்டி அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் அதையே திரும்பச் சொல்ல வேண்டும். காலிங் என்பார்கள். சிக்னலைத் தப்பாகச் சொன்னால் திரும்பச் சொல்லக் கூடாது, திருத்த வேண்டும். அப்பா வீட்டில் சொல்லிக் கேட்டது. வேதா கையை நீட்டினாள்.

"புங்கமரம்!"

"புங்கமரம்" என்றார் தேவராஜ். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வேப்பமரம்!"

"வேப்பமரம்."

"அசோக மரம்!"

தேவராஜ் மரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "அது நெட்டிலிங்கம்டி. இப்டி காலிங் குடுத்தா சஸ்பெண்ட்தான்" என்றார்.

ஆறு வாரத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம். வேதா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் தினமும் நாலு மரத்துக்காவது வேண்டுமென்றே பேரை மாற்றிச் சொன்னாள். செம்பருத்தியைப் போய் ரோஜா என்றாள். அவருக்குத் திட்டுவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே.

ஏப்ரலில் ஒரு காலை, அவள் ஆரம்பிப்பதற்கு முன் தேவராஜ் கையை நீட்டினார். எதிரே மரம் எதுவும் இல்லை, வெறும் நடைபாதை.

"பச்சைப் புடவை" என்றார்.

வேதாவுக்குப் புரிந்தது. வண்டிக்குக் குறுக்கே வந்த அந்தப் பெண்ணைச் சொல்கிறார். "பச்சைப் புடவை" என்றாள்.

"ஹாரன் அடிச்சேன்."

"ஹாரன் அடிச்சீங்க."

"பிரேக் போட்டேன்."

"பிரேக் போட்டீங்க."

"நான்தான் கொன்னேன்."

வேதா வாயைத் திறக்கவில்லை. அவர் அவளையே பார்த்துக் காத்திருந்தார்.

"நக்கோ. அது தப்பு காலிங்" என்றாள். "சரியா சொல்லுங்க."

தேவராஜ் அழுதார். தோள் குலுங்கக் குலுங்க, நடந்து போகிறவர்கள் நின்று பார்க்கும்படி அழுதார். வேதா அவர் கையை விடவில்லை. வெகு நேரம் கழித்து, குரல் வந்ததும் சொன்னார்:

"என்னால நிறுத்த முடியல."

"உங்களால நிறுத்த முடியல" என்று வேதா திரும்பச் சொன்னாள்.